மிதமானது என்று யார் சொன்னது?

மலையேற்ற அறிவிப்புகளில் எனக்கு அறவே பிடிக்காத சொல் ‘மாடரேட்’. காட்டுக்குள் வட்டப்பாதை, ஆறரை கிலோமீட்டர், மாடரேட், குடும்பத்தோடு வரலாம். ஓட்டலில் ‘மீடியம் காரம்’ என்று கேட்டு வாங்குகிற மாதிரி. யாருக்கு மிதம்? என்றைக்கு மிதம்?

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அமெரிக்காவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் வேறொரு சூத்திரம். ஏற்றத்தை அடியிலும் தூரத்தை மைலிலும் எடுத்துப் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காண வேண்டும். 4 மைல், 800 அடி ஏற்றம் என்றால் விடை 80. ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில் வந்தால் அது மாடரேட்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அது காலை மட்டும்தான் அளக்கிறது, காட்டை அளக்கவில்லை. காய்ந்த புல், மாசி வெயில், காற்று, குட்டியோடு நிற்கும் யானை எதற்கும் அதில் இடமில்லை. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்குப் பலியானார்கள். அவர்களைக் கொன்றது ஏற்றமோ தூரமோ அல்ல. இதே பாதையில் கார்த்திகையில் போயிருந்தால் சேறு ஒட்டிய செருப்போடு வீடு திரும்பியிருப்பார்கள்.

வட்டப்பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. போன வழியே திரும்பும் பாதை என்றால் திரும்புகிற வழி நமக்குத் தெரிந்தது. எந்த இடத்திலும் ‘போதும்’ என்று திரும்பிவிடலாம். வட்டத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் முன்னே போவதுதான் குறைந்த தூரம். களைப்பு தொடங்கும் அந்த இடத்திலிருந்து மிச்சம் முழுக்கத் தெரியாத காடு.

போன வருடம் அப்படி ஒரு பாதையின் வாசலில் நின்றோம். வழிகாட்டியாக வந்தவர் அந்த மலைக்காரர். காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னிக்கு முழுசா சுத்த வேணாம் சார், ஓடை வரைக்கும் போய்ட்டு வந்துரலாம்” என்றார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் உடனே, “மாடரேட்டுன்னுதானே போட்டிருக்கு? காசு கட்டியிருக்கோம்ல?” என்றார். வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் காட்டில் நடப்பவரின் கண்ணைவிட, அறிவிப்பில் அச்சான ஒரு சொல்லை நாம் நம்புகிறோம். கடைசியில் ஓடையோடு திரும்பினோம். அவர் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

தரம் பிரிக்காவிட்டால் புதிதாக வருபவர் எப்படித் தேர்ந்தெடுப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முட்டி வலிக்காரருக்கு ஏற்றம் எவ்வளவு என்று தெரியத்தான் வேண்டும். தூரத்தைப் போடுங்கள், ஏற்றத்தைப் போடுங்கள், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று போடுங்கள். தீர்ப்பை மட்டும் அச்சடிக்காதீர்கள். அதை அன்றன்றைக்குக் காலையில், பாதை தொடங்கும் இடத்தில், அந்தக் காட்டை அறிந்தவர் சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் கட்டணம் முழுதாகத் திரும்பி வரட்டும். காசு திரும்புமென்றால் பாதிப் பேர் சண்டை போடமாட்டார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கும் தயக்கம் இருக்காது.

அதுவரை, மாடரேட் என்று யாராவது சொன்னால் என்னிடம் ஒரே கேள்விதான். இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தீர்களா?