மேடையில் படம், பின்வரிசையில் தாய்

தியானப் பகுதி: ரூத் 4:9-17





லெந்து நாட்கள் முடிந்தன. ஆலயத்தில் திருமண அறிக்கைகள் மறுபடியும் வாசிக்கப்படுகின்றன. அழைப்பிதழ்கள் வீடு தேடி வருகின்றன. அவற்றுள் பலவற்றில் மணமகனுடைய அல்லது மணமகளுடைய தகப்பனார் பெயருக்கு முன்னால், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர் என்ற குறிப்பு இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் அவருடைய மனைவியின் பெயர் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் நாம் நடத்துகிற விதத்தைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மரித்தோரை நினைவுகூருவதில் நம்முடைய குடும்பங்கள் குறைவுபட்டவை அல்ல. திருமணத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்து ஜெபித்து வருகிறோம். முதல் அழைப்பிதழைக் கல்லறையின்மேல் வைக்கிற வீடுகளும் உண்டு. வரவேற்பு மண்டபத்தின் வாசலில் மாலையிட்ட படம் நிற்கிறது. மேடையின் பெரிய திரையில் தகப்பனாருடைய பழைய புகைப்படங்கள் பாடலோடு ஓடுகின்றன. கூட்டம் கண் கலங்குகிறது. அந்த நேரத்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவரோடு முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, கடைசி நோயில் அவரைத் தூக்கிப் புரட்டிப் பணிவிடை செய்த மனைவி எங்கே இருக்கிறார்? நாலாவது வரிசையில் இருப்பார். அல்லது பந்தியில் சாதம் போதுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். மேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கிறார்கள். அவர்கள் ஜோடியாக இருக்கிறார்களாம்.

நான் சொல்ல வந்தது இதுவே: மரித்தவருடைய படத்துக்கு மாலையிட்டு, அவருடைய விதவையைப் பின்னுக்குத் தள்ளுகிற நினைவுகூருதல் கிறிஸ்தவ நினைவுகூருதல் ஆகாது. அது வசனம் அச்சிட்ட உறைக்குள் வைக்கப்பட்ட சகுன பயம்.

திருமண வீட்டில் மரித்தோருடைய பெயரையே எடுக்கக்கூடாது என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வேதம் இடம் கொடுக்கவில்லை. ஈசாக்கு ரெபெக்காளைத் தன் தாயாகிய சாராளுடைய கூடாரத்துக்குள் அழைத்துக்கொண்டுபோய் மனைவியாக்கிக்கொண்டான் என்றும், தாய்க்காக அவன் கொண்டிருந்த துக்கம் ஆறியது என்றும் ஆதியாகமம் 24:67 கூறுகிறது. மணவாட்டியின் வருகையும் மரித்த தாயின் நினைவும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்கின்றன. பரிசுத்த ஆவியானவர் அதை அமங்கலமாக எண்ணவில்லை.

திருமண உடன்படிக்கையும் மரணத்தைச் சொல்லத் தயங்குவதில்லை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபைப் பொது ஜெப புத்தகம் தொடங்கி இன்றுவரை, மணமக்கள் மரணம் தங்களைப் பிரிக்கும் வரைக்கும் என்றே வாக்குக் கொடுக்கிறார்கள். பீடத்தின் முன்னால் மணமக்களின் வாயில் வரத்தக்க அந்தச் சொல், மண்டபத்தில் மாத்திரம் தீட்டாகிவிடுமோ?

ஆகவே நினைவுகூருங்கள். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு, மெட்டாவெர்ஸ் என்னும் கணினி உலகில் நடத்தப்பட்டது. மணமகளின் மறைந்த தகப்பனாருடைய உருவம் அதில் தோன்றும்படி செய்திருந்தார்கள் என்று நாளிதழ்களில் வாசித்தோம். இப்பொழுது செயற்கை நுண்ணறிவின் உதவியால், இறந்தவர் தம் சொந்தக் குரலில் பிள்ளைகளை ஆசீர்வதிப்பதுபோல் காணொளி செய்ய முடிகிறது. தகப்பனை இழந்த பிள்ளையின் ஏக்கத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் அவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைப்பது அவருக்குச் செய்யும் கனம் ஆகுமா? மரித்தவரிடம் பேச்சுக் கேட்கப் போன சவுலின் முடிவை 1 சாமுவேல் 28ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம்முடைய காணொளி எந்தோரின் அஞ்சனம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அவன் தேடியதும் நாம் தேடுவதும் நெருங்கிய உறவுடையவை. இங்கே வேறொரு கேள்வியும் எழுகிறது. கணினியில் செய்த தகப்பன் ஆசீர்வதிக்கலாம். உயிரோடிருக்கிற தாய் ஆசீர்வதித்தால் ஆகாதோ?

படம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. மாலை போட்டால் போதும். உயிரோடிருக்கிற விதவைக்கோ இடம் கொடுக்கவேண்டும், அவருடைய சொல்லைக் கேட்கவேண்டும், ஊராருடைய முணுமுணுப்பைத் தாங்கவேண்டும். ஆகையால் எளிதானதைத் தெரிந்துகொள்ளுகிறோம்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று ஒரு குரல் மெதுவாகச் சொல்லும். முகூர்த்தப் புடவையைத் தொட்டுக் கொடுக்க வேறொருவரை அழைப்பார்கள். மணமகள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது எதிரே யார் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்வார்கள். பிறகு அதே குடும்பம் ஆலயத்துக்கு வந்து, கிறிஸ்து எங்கள் வீட்டின் தலைவர் என்று பாடும். குறி பார்க்கலாகாது என்ற லேவியராகமம் 19:26 மற்ற மதத்தாருக்காக மாத்திரம் எழுதப்பட்டதா?

"ஐயா, நாங்கள் யாரும் சொல்லவில்லை, அம்மாவே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்" என்று பிள்ளைகள் சொல்லுவதுண்டு. ஒதுங்கியது உண்மை. ஒதுங்கக் கற்றுக்கொடுத்தது யார்? கணவர் இறந்த நாள் முதற்கொண்டு ஒவ்வொரு மங்கல வீட்டிலும் பிறர் பார்த்த பார்வை கற்றுக்கொடுத்தது. தம்முடைய நிழல் தம் பிள்ளையின்மேல் விழுந்து தீங்கு நேரிடுமோ என்று ஒரு தாயை அஞ்சச் செய்வதைவிடக் கொடிய காரியம் வேறு உண்டோ? அந்த அச்சத்தைத் தாழ்மை என்று புகழாதீர்கள். அவருடைய கையைப் பிடித்து அழைத்துவாருங்கள். ஒருமுறை மறுத்தால் இரண்டாம் முறை அழையுங்கள்.

இப்பொழுது பெத்லகேமின் வாசலுக்கு வாருங்கள். போவாஸ் மூப்பர்களின் முன்னிலையில் ரூத்தை மனைவியாக ஏற்கும்போது எலிமெலேக்கு, கிலியோன், மக்லோன் ஆகிய மூவரையும் பெயர் சொல்லி அறிக்கையிடுகிறான். மூவரும் மரித்தவர்கள். ஒரு திருமண அறிவிப்பில் மூன்று மரித்தோரின் பெயர்கள்! மணமகளே ஒரு விதவை. ஊரார் அந்த மணமக்களை ஆசீர்வதிக்கையில் ராகேலையும் லேயாளையும் மாத்திரமல்ல, தாமாரையும் நினைவுகூருகிறார்கள், அவளும் விதவையாயிருந்தவள். பிள்ளை பிறந்தபோது அதை மடியில் வாங்கிக்கொண்டவள் நகோமி. கணவனையும் இரண்டு குமாரரையும் அடக்கம்பண்ணிவிட்டு வந்த அவளைத் தள்ளி நிற்கும்படி பெத்லகேமின் ஸ்திரீகள் ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கே பிள்ளை பிறந்ததென்று கொண்டாடினார்கள். தாமாரும் ரூத்தும் நம்முடைய கர்த்தரின் வம்ச வரலாற்றில் இடம் பெற்றிருக்கிறார்கள். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது அவரைக் குறித்துப் பேசினவர்களுள் ஒருவர் முதிர்வயதான விதவை அன்னாள். கானாவூர்க் கலியாணத்தில் குறைவைக் கண்டு கர்த்தரிடம் சொன்னவர் மரியாள். யோசேப்பு அதற்குமுன்பே மரித்திருக்கவேண்டும் என்பது சபையின் நெடுநாளைய கருத்து. அப்படியானால் அந்தக் கலியாண வீட்டின் மானம் காக்கப்பட்டதும் ஒரு விதவையின் முயற்சியால்தான்.

நம்முடைய சொந்தச் சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் ஒரு விதவை. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டின் 40 பெயர்களில் அவருடைய பெயரும் உண்டு. 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அவருடைய முயற்சியால் எழுந்தது. பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். ஒரு விதவையைத் தூணாகக் கொண்டு தொடங்கிய திருநெல்வேலித் திருச்சபையின் பிள்ளைகள், தங்கள் வீட்டு விதவையை மேடைக்கு ஏற்ற அஞ்சலாமா?

இந்தத் திருமண காலத்தில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தகப்பனார் இல்லாத வீட்டில் தாயாரே அழைக்கட்டும். அவர் பெயராலேயே அழைப்பிதழ் அச்சாகட்டும். மணமகளைத் தாயாரே கரம் பிடித்து அழைத்துவந்து ஒப்புக்கொடுக்கட்டும். நான் குறிப்பிட்ட அதே ஜெப புத்தகம், பெண்ணைத் தகப்பனுடைய கையிலிருந்தோ சிநேகிதருடைய கையிலிருந்தோ பெற்றுக்கொள்ளும்படி குருவானவருக்குச் சொல்லுகிறது. சிநேகிதருக்கு உள்ள இடம் பெற்றவளுக்கு இல்லாமற்போகுமோ? மரித்தோருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கும் ஒரு சிறு ஜெபத்தை ஆராதனை ஒழுங்கில் சேர்க்கும்படி உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். பெரிய திரையில் பத்து நிமிடம் ஓடும் காணொளியைவிட, பெயர் சொல்லி ஏறெடுக்கும் அந்த ஒரு ஜெபம் மேலானது. மணமக்களே, முழங்காற்படியிட்டு ஆசீர்வாதம் பெறும்போது முதலாவது உங்கள் தாயாரிடத்தில் போங்கள். ஊர் பேசும், இரண்டு நாள் பேசும். பிறகு அடுத்த வீட்டில் ஒரு விதவைத் தாய் தன் மகளின் கையைப் பிடித்து நடந்துவருவார்.

விதவைகளைக் கனம்பண்ணும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதின கட்டளையில் (1 தீமோத்தேயு 5:3), திருமண நாளுக்கு விதிவிலக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.

ஜெபம்: மரித்தோருக்கும் ஜீவனுள்ளோருக்கும் ஆண்டவராகிய இயேசுவே, எங்களுக்கு முன்னே உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் பிரியமானவர்களுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்கள் எங்களிடத்தில் விட்டுச்சென்றவர்களைக் கனம்பண்ண எங்களுக்குத் துணிவைத் தாரும். சகுன பயத்தை எங்கள் வீடுகளிலிருந்து அகற்றும். எங்கள் கலியாணங்களில் நீரே முதல் விருந்தினராயிரும். ஆமென்.