ஏரி நம்முடையது; ஏடு எவர் மொழியில்?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதி மக்கள் 2024ஆம் ஆண்டின் இறுதியிற் கற்ற பாடம் எந்தப் பள்ளிப் பாடநூலிலும் இல்லாதது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் நடுவணரசின் சுரங்க அமைச்சகம், நாயக்கர்பட்டித் தொகுதி என்று பெயரிட்டு ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலப்பரப்பை வரைந்து, ஆங்குள்ள டங்சுடன் கனிமத்தை அகழ்தற்குரிய ஏலத்தில் முந்திநின்ற நிறுவனத்தின் பெயரை வெளியிட்டது. (டகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. நம் நாவுக்கு ஒவ்வாத அச்சொல்லை ஊர்ப் பாட்டியரும் சின்னாளிற் பழகிக்கொண்டனர். வயிற்றிலடிக்க வரும் சொல்லை யாரும் விரைந்து கற்பர்.)

அப்பரப்பினுள்ளே அரிட்டாபட்டி மலைகளும் அடங்கியிருந்தன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்னும் ஈரூர்களையும் சார்ந்த 193 எக்டேர் நிலத்தை 2022 நவம்பரிலேயே தமிழக அரசு பல்லுயிர் மரபிடமாக அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று ஆங்குள்ள வளம் எண்ணப்பட்டிருக்கின்றது. பண்டைத் தமிழெழுத்துப் பொறித்த குகையும், முற்காலப் பாண்டியர் குடைந்த கோயிலும் அக்குன்றுகளில் உள்ளன. மலையில் விழும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கிச் சுனையாய்க் கசிந்து, ஓடையாய் வழிந்து, மேற்கண்மாய் நிரம்பிக் கீழ்க்கண்மாய்க்குச் செல்கின்றது. குன்றை உடைத்தால் கண்மாய் வற்றும், கண்மாய் வற்றினால் கிணறு வற்றும். இத்தொடர்பை அறிய அவ்வூரார்க்கு அயலறிஞர் எவரும் தேவைப்பட்டிலர். ஆயினும் தனித்தனியே அறிந்திருத்தல் வேறு. ஊர் கூடி, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, எல்லாரும் ஒன்றாய் அறிதல் வேறு. நவம்பர் முதல் நாள் கூட வேண்டிய ஊரவை (கிராம சபை) அவ்வாண்டு 23ஆம் நாளுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அன்று கூடிய ஊரவைகள் பலவற்றிலும் சுரங்கம் வேண்டாவென்று முடிவெழுதினர். 2025 சனவரி 7இல் நரசிங்கம்பட்டியினின்று மதுரைக்குத் திரள்திரளாய் நடந்தனர். சனவரி 23இல் நடுவணரசு ஏலத்தை விலக்கிக்கொண்டது.

இஃது ஊர் தானே கூடிக் கற்ற கல்வி. இனி, அரசு கூட்டும் கூட்டத்தைக் காண்போம்.

2006 செபுதம்பர் 14ஆம் நாளைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்தொழில்கள் பலவற்றுக்கு இசைவளிக்குமுன் அவ்விடத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டல் வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. நல்லதே. ஆனால் மதிப்பீட்டறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். மக்கள் மொழியில் அவர்க்குக் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டுமே! பன்னூறு பக்க ஏட்டில் எங்கோ ஒரு மூலையில், நிலத்தடி நீர் எத்துணை உறிஞ்சப்படும், கழிவு எவ்வாய்க்காலில் விடப்படும் என்றிருக்கும். அம்மூலை சுருக்கத்தில் வாராது. கூட்டம் தொடங்குதற்கு இத்துணைப் பேர் இருத்தல் வேண்டும் என்ற வரம்பும் அவ்வறிவிக்கையில் இல்லை. பதின்மர் வரினும் கூட்டம். பதினாயிரவர் வரினும் கூட்டம்.

அத்தகைய கூட்டமொன்றில் யானும் இருந்தேன். அலுவலர் ஒருவர் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தார். 'அருகிலுள்ள நீர்நிலைகளுக்குப் பாதிப்பு ஏற்படாது' என்று ஒரு வரி வந்தது. முதிய உழவர் ஒருவர் எழுந்து, "எதைச் சொல்லுகின்றீர்கள் ஐயா? கண்மாயையா, ஊருணியையா, வரத்துக்காலையா?" என்று வினவினார். மேடையில் இருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அறிக்கை எழுதியவர்க்கு அம்மூன்றும் ஒன்றே; ஆங்கிலத்தில் அவற்றுக்கெல்லாம் சேர்த்து அவர் எழுதியது ஒரு சொல். அதனை அப்படியே பெயர்த்து 'நீர்நிலை' என்று வைத்துவிட்டனர். ஊருணி உண்ணும் நீர். கால் கழுவவும் ஒட்டார். கண்மாய் வயலுக்குரியது. வரத்துக்காலோ ஆண்டில் பத்துத் திங்கள் வறண்டே கிடக்கும். அதனைத் தரிசென்று எழுதிச் சுவரெழுப்பினால் கண்மாய்க்கு நீர் எவ்வழி வரும்? மதகு, மடை, தூம்பு, குமிழி, கலுங்கு, தாங்கல், ஏந்தல் என்று நம் முன்னோர் வேறுவேறு சொல் வைத்தது அணிக்காக அன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. தனிக் காவலும் உண்டு. சொல்லை அழித்த ஏடு அப்பொருளையும் கணக்கினின்று அழித்துவிட்டது.

இக்கொடுமைக்கு மேலும் ஒரு படி உண்டு. 2020இல் அவ்வறிவிக்கையை மாற்றப் புதிய வரைவொன்றை நடுவணரசு வெளியிட்டு, நாட்டு மக்களெல்லாரும் கருத்துரைக்க என்றது. வெளியிட்டதோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! தமிழன் தன் ஆற்றைப் பற்றிக் கருத்துரைக்க முதலில் இந்தி கற்றுவர வேண்டுமா? தில்லி உயர்முறைமன்றம் (உயர்நீதிமன்றம்) அவ்வாண்டு சூன் 30ஆம் நாள், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவைப் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. அதன்பின்னும் நடுவணரசு உடனே பெயர்க்க முனைந்ததா? இல்லை, அவ்வாணையை எதிர்த்து உச்சமுறைமன்றப் படியேறியது. மொழிச்சிக்கல் வேறு, வயிற்றுச்சிக்கல் வேறு என்று நமக்கு அறிவுரை கூறுவோர் இந்நிகழ்ச்சிக்கு என்ன விளக்கம் தருவர்?

இவ்விடத்தில் நம்மவர் பலர் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்து வீசுவர். பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் வைத்தோம், குடவோலையால் தேர்ந்தோம் என்பர். உண்மைதான், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் அரியன. ஆனால் அது பிரமதேயத்துச் சவை. நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம். ஏரியின் சேற்றில் இறங்கி மதகைத் திறந்தவனுக்கும், நாற்று நட்டவளுக்கும் அதில் ஓலையில்லை. உழுகுடி ஊர்களில் 'ஊர்' என்ற பெயரிலேயே வேறு அவை இருந்தது. அதிலும் நிலமற்றோர் வாய் திறந்ததாய்த் தெரியவில்லை. இன்றைய ஊரவையிலோ வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். பழம்பெருமையினும் இஃது உயர்ந்த கருவி. 2022இல் தமிழக அரசு, முன்னிருந்த நான்கு நாள்களோடு உலக நீர் நாளாகிய மார்ச்சு 22ஐயும் உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1ஐயும் சேர்த்து, ஆண்டுக்கு ஆறு முறை ஊரவை கூடுமென அறிவித்தது. நீருக்கென்றே ஒரு நாள் வாய்த்திருக்கின்றது. அந்நாளில் பெரும்பாலான ஊர்களில் நடப்பது யாது? வரவுசெலவைப் படித்துக் கையெழுத்து வாங்கிக் கலைவதே.

கற்பிக்கவா பொருளில்லை? தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் மாவட்டங்களில் ஆழ்கிணற்று நீரிற் கலந்துள்ள புளூரைடு என்னும் உப்பால் பிள்ளைகளின் பல் பழுப்பேறுவதை நாமறிவோம். இலிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது அரசின் அளவு. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டாண்டாய்ப் பருகினால் எலும்பு இறுகி முதுகு வளையும். ஆய்வுத்தாளில் '2.4' என்று அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதால் ஒரு தாய்க்கு என்ன விளங்கும்? அந்த எண் தன் மகனின் பல்லைக் குறிக்கின்றது என்றும், நீரைக் காய்ச்சினால் இவ்வுப்பு போகாது என்றும், கறை விழுவது பல் முளைத்து வளரும் இளமையில் என்றும் அவளுக்குத் தமிழிற் சொல்ல ஓர் அவை வேண்டாவா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதன் பொருள், அதனை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும்; ஆற்றுநீர்க் குழாய் அருகிருக்கவும் பழைய ஆழ்கிணற்று நீரையே சமைக்க எடுப்போர்க்கு விளங்காது.

நம் இயக்கத்தார்க்கும் ஒரு சொல் உண்டு, கசப்பினும் சொல்வேன். அறைக்குள் அமர்ந்து கலைச்சொல் ஆக்குவதில் நாம் வல்லவர். நூற்றுக்கணக்கில் ஆக்கினோம். ஆனால் ஏரிக்கரையில் நீர்பாய்ச்சுவோர் வாயில் உயிரோடு வழங்கும் சொற்களை எழுதி வைத்தோமா? அவர் பேரப்பிள்ளைகளே இன்று அச்சொற்களை மறந்து வருகின்றனர். தூய தமிழ் பேசும் நமக்கு அவ்வுழவரே ஆசிரியராதல் வேண்டும். அவர் சொல்லில் வினவப்படும் வினாவுக்கு அறிக்கை எழுதியவன் அவர் சொல்லிலேயே விடை தருதல் வேண்டும்.

ஆதலின் வரும் மார்ச்சு 22இல் உங்கள் ஊரவைக்குச் செல்லுமுன், காலையில் மாணவரையும் முதியவரையும் அழைத்துக் கரைமீது ஒருமுறை நடந்து, வரத்துக்கால் எங்கே அடைபட்டது, கலுங்கு எங்கே இடிந்தது என்று எழுதிக்கொள்க. குடிநீர் ஆய்வுத்தாளை அவையில் உரக்கப் படித்துப் பொருள் சொல்லச் செய்க. உங்கள் எல்லைக்குள் தொழில் எதுவும் வரவிருப்பின், முழு அறிக்கையும் தமிழில் முப்பது நாள் முன்பே ஊராட்சிக்கு வந்தாலன்றிக் கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஏற்கோம் என்று முடிவெழுதுக. அம்முடிவு ஊரவைப் பதிவேட்டில் ஏறிற்றா என்று பார்த்து, படியொன்று பெற்ற பின்னரே எழுந்து வருக.