மோட்டாரைத் திறக்கத் தெரிந்தவர் யார்?



2023 டிசம்பர் முதல் வாரத்தை வேளச்சேரிவாசிகள் எளிதில் மறந்துவிட இயலாது. மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2015 வெள்ளத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கும் அது பெரும் சோதனையாகவே இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஜமாஅத் இளைஞர்கள் செய்த பணியைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். முதியவர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். மத வேறுபாடு பாராமல் வீடு வீடாக உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

ஆனால் நீர் வடிந்த பிறகு வேறொரு காட்சியைக் கண்டேன். தெருவில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தண்ணீர் மோட்டார் மூழ்கிக் கிடந்தது. எங்கள் மத்ரஸாவின் மோட்டாரும் அவ்வாறே. ஒளூச் செய்யவும் குடத்தில் நீர் சுமக்க வேண்டிய நிலை. அதைச் சுற்றிப் பதினொரு இளைஞர்கள் நின்றார்கள். அவர்களில் நால்வர் பட்டதாரிகள். மூடியைக் கழற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு பிள்ளை, "சுவிட்சைப் போட்டுப் பார்ப்போமே ஹஜ்ரத்" என்றான்.

ஒன்பதாம் நாள்தான் ஒரு மெக்கானிக் வந்தார். ஒடிசாவைச் சேர்ந்தவர், வயது இருபத்தைந்து இருக்கலாம். மோட்டாரைப் பிரித்துச் சேற்றைக் கழுவினார். சூட்டில் வைத்து உலர்த்தினார். மெக்கர் என்னும் கருவியால் வைண்டிங்கில் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார். பேரிங்கையும் கெப்பாசிட்டரையும் மாற்றினார். ஈரத்தோடு மின்சாரம் கொடுத்திருந்தால் வைண்டிங் கருகி முழு மோட்டாரும் வீணாகியிருக்கும் என்று, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் எங்களுக்குப் பாடம் நடத்தினார். கூலியாக 1,800 ரூபாய் பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார். அன்று ஒரு நாளில் எங்கள் தெருவில் மட்டும் ஏழு மோட்டார்கள்!

அன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு தாய் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் அந்தப் பதினொருவரில் ஒருவன், பி.காம். முடித்தவன். பைக்கில் உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தான். வெள்ளத்தில் அந்த பைக்கும் மூழ்கிப்போனது; தவணையோ மிச்சம் இருந்தது. "இதுக்குத்தானா ஹஜ்ரத் படிக்க வெச்சேன்?" என்று அவர் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். ஏன் தெரியுமா?

2017-இல் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு தேறியபோது, அவனுடைய மாமா அவனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்றார். அந்தத் தாய் என்னிடம் கருத்துக் கேட்டார். "நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை ஸ்பேனர் பிடிக்க அனுப்புவதா? ஒரு டிகிரி வாங்கட்டும்" என்று சொன்னவன் நானேதான். நானும் ஒரு பி.ஏ. பட்டதாரி. பட்டத்தின் மீது எனக்கிருந்த மயக்கத்தை ஆலோசனை என்ற பெயரில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பொட்டலம் கொண்டு சேர்ப்பதை நான் இழிவாகக் கருதவில்லை. அது வியர்வை சிந்திப் பெறும் ஹலாலான வருவாய். என் கவலை வேறு. ஐந்தாண்டுகள் பைக் ஓட்டிய பின்னும், முதல் நாளில் தெரிந்ததற்கு மேல் அவன் கையில் ஒரு வித்தையும் சேர்ந்திராது. ஐந்தாண்டுகள் மோட்டார் பழுதுபார்த்தவனோ தனியே கடை வைத்துவிடுவான்.

தாவூத் நபி (அலை) தம் கையால் உழைத்து உண்டார்கள், ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அவர்களில் ஒருவன் தச்சனாக விரும்பினால் மட்டும் நமக்கு முகம் சுளிக்கிறது! ஈண்டு மற்றொன்றையும் நினைவூட்டுகிறேன். நம் பெற்றோர் அண்ணாந்து பார்க்கும் கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-இல் எட்டுப் பிள்ளைகளுக்கு நில அளவைத் தொழில் கற்பிக்கும் சிறு பள்ளியாகத்தான் தொடங்கப்பட்டது.

வேளச்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே கிண்டியில், 1958-இல் தொடங்கிய தொழிற்பேட்டை இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மகளிருக்கென்றே தனி நிலையமும் உண்டு. பயிற்றுநர்களுக்கே பயிற்சி அளிக்கும் தேசியத் திறன் பயிற்சி நிலையமும், பிளாஸ்டிக் தொழிலுக்கான சிப்பெட்டும், காலணித் தொழிலுக்கான மத்திய பயிற்சி நிலையமும் அங்கேயே உள்ளன. பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகத்தில் பேர் பெற்ற சமுதாயம் நம்முடையது. ஆயினும் காலணிப் பயிற்சி நிலையம் இருப்பதை எங்கள் மஹல்லாவில் விசாரித்தபோது அறிந்திருந்தவர்கள் இருவரே.

அரசினர் ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பாடநூல், சீருடை, பேருந்து அட்டை ஆகியன வழங்கப்படுகின்றன. எலக்ட்ரீசியன், ஃபிட்டர், குளிர்சாதன மெக்கானிக் போன்ற ஈராண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆண்கள் நாற்பது வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். 2022-க்குப் பிறகு, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய்ச் செலவில் 71 அரசினர் நிலையங்களுக்கு ரோபோ, மின்வாகனத் தொழில்நுட்பம் வரை கொண்டுவரும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய லேத் பட்டறையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய ஐ.டி.ஐ.யை எடைபோடாதீர்கள்.

ஹிஃப்ளு முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. குர்ஆனை மனனம் செய்யும் ஆண்டுகளில் பலர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிடுகின்றனர். அவர்கள் ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளையும் எழுதினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர்கள் அதே முறையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஐ.டி.ஐ. என்றால் படிப்புக்குத் தலைமுழுகுவது என்று நான் எண்ணியிருந்தது எத்தனை பெரிய அறியாமை!

குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவற்றில் நல்லனவும் உண்டு. ஆனால் எங்கள் பிள்ளைகள் மூவர் ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதம் ஏ.சி. மெக்கானிக் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு வந்தார்கள். அங்கு இருந்தது ஒரே ஓர் இயந்திரம். அதையும் ஆசிரியர் பிரித்துக் காட்ட, முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்களாம். கேஸ் நிரப்பக்கூட அவர்களுக்குக் கை வரவில்லை. ஆகவே பணம் கட்டுமுன் நேரில் சென்று எத்தனை இயந்திரம், எத்தனை மாணவர் என்று எண்ணிப் பாருங்கள். முன்னர் படித்தவன் ஒருவனைத் தேடிப்பிடித்து அவன் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று கேளுங்கள்.

"எப்படியும் சவூதிக்குத்தானே போகப் போறான்" என்பவர்களுக்கும் ஒரு சொல். எலக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு விசா தருமுன் இந்தியாவிலேயே திறன் தேர்வு வைக்கும் முறையைச் சவூதி அரேபியா கொண்டுவந்துவிட்டது. முன்போல் ஹெல்ப்பராகச் சென்று அங்கே பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்ற கணக்கு இனிச் செல்லாது.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பி.காம். முடிச்சவன் ஐ.டி.ஐ.யில படிக்கிறான்னா, நாளைக்குப் பொண்ணு குடுக்கிறவங்க என்ன கேப்பாங்க ஹஜ்ரத்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஓராண்டுக்கு மேல் தயங்கினார்கள். பிறகு 2025 சேர்க்கையில் அவன் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தான். தன்னைவிட ஏழெட்டு வயது இளைய பிள்ளைகளோடு பகலில் வகுப்பு; இரவில் அதே பைக். அவனுடைய தாய் உறவினர்களிடம் இன்னும், "மேல படிக்கிறான்" என்று மட்டுமே சொல்கிறார் எனக் கேள்வி.

சேர்க்கை விண்ணப்பம் வழக்கமாகப் பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் மே, ஜூன் மாதங்களில் இணையவழியில் பெறப்படுகிறது. வேளச்சேரிப் பகுதிப் பிள்ளைகள் அஸருக்குப் பின் மத்ரஸாவுக்கு வந்தால், இன்ஷா அல்லாஹ், படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன். மதிப்பெண் சான்றிதழ், ஆதார், முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுடன் வாருங்கள். மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளியிலேயே விட்டுவைத்திருப்பவர்கள் அதை இப்போதே சென்று வாங்கிவிடுங்கள். சென்ற முறை எங்கள் பிள்ளைகள் இருவர் அது இல்லாமலே முதல் சுற்றுக் கலந்தாய்வை இழந்தார்கள்.