தேக்கடியில் உள்ள ஒழுங்கு கானாடுகாத்தானில் ஏன் இல்லை?

மார்கழி, தை மாதங்களில் செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் பலருக்கு அடுத்த ஊர் தேக்கடி. மதுரை, தேனி, கம்பம் தாண்டிக் குமுளி மலை ஏறினால் பெரியார் தேசியப் பூங்கா. இங்குள்ள கார் ஓட்டுநர்களுக்கு மனப்பாடமான வழி அது. ஆனால் ஒரே பயணி, ஒரே வாரத்தில், இந்த இரண்டு இடங்களிலும் நடத்தப்படும் விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது.

தேக்கடிக் காட்டுக்குள் அவர் தன் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. மூங்கில் தெப்பப் பயணத்துக்குப் பெயர் பதிந்தால், அவரையும் சேர்த்துப் பத்துப் பேர்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்து மணிவாக்கில் திரும்பும் வரை உள்ளூர் வழிகாட்டிகள் சிலரும், துப்பாக்கியுடன் ஒரு காவலரும் கூடவே நடப்பார்கள். எங்கே பேச்சை நிறுத்த வேண்டும், எந்தக் கரையில் இறங்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கானாடுகாத்தானிலோ ஒரு பேருந்திலிருந்து நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக இறங்குகிறார்கள். பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறக்கப்படாத ராஜா அரண்மனையின் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். பிறகு எந்த வீடு திறந்திருக்கிறது என்று தெருத்தெருவாகத் தேடுகிறார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் மனமிரங்கினால் உள்ளே போகலாம். கையில் வைக்கும் பணத்துக்கு ரசீது கிடையாது. உள்ளே போனவர்களுக்கு எதையும் எடுத்துச் சொல்ல ஆளும் கிடையாது. அரை மணி நேரத்தில் பேருந்து கிளம்பிவிடும்.

இந்த நிலை மாற வேண்டும். கானாடுகாத்தானில் வீடுகளுக்குள் செல்லும் சுற்றுலா சிறு குழுக்களாக, பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே நடக்க வேண்டும் என்பது நம் நிலை. மலைக்காட்டுக்கு அரசு கண்டறிந்த ஒழுங்கு செட்டிநாட்டு வீடுகளுக்கும் பொருந்தும்.

தேக்கடியில் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. 1982-இல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு பலகையில் இருந்தது. காட்டுக்குள் திருட்டு நடந்துகொண்டேயிருந்தது. காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து மலையிறக்கி விற்ற கூட்டத்தை வனத்துறை பல ஆண்டுகள் விரட்டியது, பிடித்தது, வழக்குப் போட்டது. பட்டை குறைந்ததே தவிர, திருட்டு குறையவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டம் அங்கே வந்தபோது, துறை வேறு முடிவு எடுத்தது. இருபதுக்கும் சற்று மேற்பட்ட அந்த ஆட்களை அழைத்துப் பேசி, வழக்குகளிலிருந்து விடுவித்து, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வேலையை அவர்களிடமே கொடுத்தது. எந்த மரத்தை எந்தக் குறுக்குவழியில் கொண்டுபோகலாம் என்று தெரிந்தவர்கள், அதே வழிகளைக் காவல் காக்கத் தொடங்கினார்கள். பயணி கொடுத்த கட்டணம் அவர்கள் வீட்டுக் கூலியாயிற்று. இன்றும் அங்கே சிறு குழு நடைபயணம் என்பது பொழுதுபோக்கும் ரோந்தும் சேர்ந்த ஒரு வேலை.

அதே தேக்கடி ஏரியில், 2009 செப்டம்பர் 30 அன்று, இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்ததையும் மறக்கக் கூடாது. கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்பது அன்று பிழைத்தவர்கள் சொன்னது. ஒரே இடத்துக்குக் கூட்டத்தை மொத்தமாக ஏற்றி அனுப்புவதற்கும், பத்துப் பேரை ஐந்து பேர் கவனித்து அழைத்துப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஏரியே காட்டிவிட்டது.

நம் மாநிலத்துக்கும் பாடம் கசப்பாகத்தான் வந்தது. 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று விதிகள் எழுதப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், மலையடிவாரத்து ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்று உச்சவரம்பும் வைத்தது. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்பதை அரசும் நீதிமன்றமும் மலைகளைப் பொறுத்தவரை ஏற்றுக்கொண்டுவிட்டன. சமவெளியில் உள்ள ஓர் ஊரைப் பற்றி அதே கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

காட்டைப் போல வீடும் தேயுமா என்று சிலர் கேட்கலாம். கானாடுகாத்தானின் பழைய வீடு ஒன்றின் முகப்பில் நின்று தூணுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்த்தால் போதும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு நூறாண்டுக்குப் பிறகும் பளிங்காக மின்னும். வருகிறவர் ஒவ்வொருவரும் நம்பமுடியாமல் கையை வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். தோள் உயரத்தில் மட்டும் ஒரு பட்டையாக அது மங்கிக் கிடக்கும். அதற்கு மேலும் கீழும் பளபளப்பு அப்படியே இருக்கும். அந்தப் பூச்சை அன்றுபோல் மீண்டும் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று அருகிவிட்டார்கள். அரைத்துப் பக்குவப்படுத்தும் வேலைக்கே நாள்கணக்கு ஆகும், அதற்கான கூலியும் சேரும். ஒரு வீட்டை ஒரு பருவத்தில் ஆயிரம் பேர் தடவினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தனியாக ஆய்வு தேவையில்லை.

கைபட்டுத் தேய்வதைவிடப் பெரிய இழப்பு, எதுவும் தெரியாமல் திரும்பிப் போவது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்ற மூன்று சொற்களோடு இந்த ஊரின் கதையை முடித்துவிடுகிறார்கள். தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் முதலில் கூரையைக் காட்டுவார். நான்கு பக்க ஓட்டுச் சாய்விலிருந்தும் மழைநீர் முற்றத்தில் இறங்கும்; மூலைகளில் வைத்த அண்டாக்களில் குடிக்கப் பிடித்தது போக, மிச்சம் முற்றத்துத் துவாரம் வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊரணியைச் சேரும். கோடு போட்டாற்போல நேராக ஓடும் தெருக்களின் சரிவும் அந்தத் தண்ணீரை மனத்தில் வைத்து அமைத்ததுதான். ஆறில்லாத ஒரு வறண்ட பூமியில் ஊரையே நீர் சேமிக்கும் ஏற்பாடாகக் கட்டியிருக்கிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதற்கு மாளிகைகளின் அழகோடு இந்த ஊரமைப்பும் ஒரு காரணம். அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்கு முற்றத்தின் துவாரம் கண்ணில் படவே படாது.

வீட்டின் உள்முற்றமான வளவின் இருபுறமும் வரிசையாக இருக்கும் அறைகளைப் பற்றியும் அந்த வழிகாட்டிதான் சொல்ல வேண்டும். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. கல்யாணமானதும் ‘வேறு வைத்து’, ஒரே கூரையின் கீழ் தனித்தனி அடுப்பும் தனித்தனிக் கணக்குமாக வாழ்ந்த ஏற்பாடு. ஆச்சிமார் இந்த வீடுகளை ஆண்டுக்கணக்கில் தனியாக நடத்த, ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். பெருமந்தத்தின்போது பர்மிய உழவர்களின் நிலம் கடனுக்காக இவர்கள் கைக்கு மாறியதும், 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு ஓடிவந்ததும், இந்தத் தேக்குத் தூண்களின் கதையில் சேர்ந்தவைதான். ஊரின் பெருமையை மட்டும் ஒப்பிக்கும் வழிகாட்டி நமக்கு வேண்டாம். தூணைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இங்கேயேதான். வீட்டுக் காவலர்களின் பிள்ளைகள், பூச்சு வேலை செய்யும் குடும்பங்களின் பெண்கள், ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிப் பூக்கல் வார்க்கிறவர்கள், காரைக்குடிக் கல்லூரிகளில் வரலாறும் சுற்றுலாவும் படிக்கிறவர்கள். தேக்கடியில் பட்டை உரித்தவர்களின் அறிவையே மதித்து வேலை கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வீடுகளைப் பெருக்கி, துடைத்து, பழுதுபார்த்து வந்தவர்களின் அறிவுக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை. வெளியூர் நிறுவனங்கள் சென்னையிலிருந்தே வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு வருகின்றன. பயணி விட்டுப்போகும் பணத்தில் ஊருக்குத் தங்குவது கொஞ்சம்தான்.

உரிமம் பெற்ற வழிகாட்டி என்ற யோசனைக்கு வரும் மறுப்புகளில் முக்கியமானது உரிமை பற்றியது. காடு அரசுக்குச் சொந்தம். இந்த வீடுகள் தனியாருடையவை. அதிலும் ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் கூடுகிறார்கள். அரசு எப்படி இவர்களைக் கட்டாயப்படுத்த முடியும்? கட்டாயப்படுத்தவே கூடாது என்பதுதான் நம் பதில். வீட்டைத் திறப்பதும் திறக்காததும் உரிமையாளரின் விருப்பம். விரும்பித் திறப்பவருக்கு ஒழுங்கான வழியை அமைத்துக் கொடுப்பதே அரசின் வேலை. இன்றைக்கு அவர் முன் இருக்கும் வழிகள் இரண்டு: பூட்டிவைத்துக் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, அல்லது பங்காளிகள் சம்மதித்தவுடன் இடித்து, நிலையையும் தூணையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்புவது. ஓட்டு மாற்றவும் ஒழுக்கு அடைக்கவும் ஆண்டுதோறும் ஒரு தொகை கையில் வந்தால் மூன்றாவது வழி ஒன்று பிறக்கும். திருட்டுப் பயம் பற்றிச் சொல்கிறவர்களுக்கு: பெயரும் கைப்பேசி எண்ணும் பதிந்து, உரிமம் பெற்ற ஒருவரோடு உள்ளே வரும் பத்துப் பேரைவிட, காவல்காரருக்குப் பணம் கொடுத்து நுழையும் முகம் தெரியாத ஐம்பது பேரால்தான் ஆபத்து அதிகம்.

இன்னொரு மறுப்பில் நியாயம் இருக்கிறது. கட்டணம், முன்பதிவு என்று வந்தால் சாதாரணக் குடும்பங்கள் வெளியே நிற்க, வசதியுள்ளவர்கள் மட்டும் உள்ளே போவார்கள் என்ற அச்சம். மலையேற்றத் திட்டத்திலும் கட்டணம் கூடுதல் என்ற குறை எழுந்து, அரசு அதைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆகவே இங்கே தொடக்கத்திலேயே இரண்டு கட்டணம் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் குறைந்த கட்டணம். சிவகங்கை மாவட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். தெருக்கள் எப்போதும் போல எல்லாருக்கும் பொது. ஊர் எல்லையில் சோதனைச் சாவடி வைக்கும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் அதை நாம் எதிர்ப்போம். இது மக்கள் வாழும் ஊர். வாசலில் கோலம் போடுகிறவரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது.

நடைமுறை கடினமானதில்லை. ஒரு குழுவில் பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு. காலையில் கானாடுகாத்தான் வீடுகள், வெயில் ஏறியபின் ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறை, சாயங்காலம் ஊரணிக்கரை என்று ஒரு நாள் சுற்று. ஒரே வீட்டை நாள்தோறும் மிதிபட விடாமல், பட்டியலில் உள்ள வீடுகளை முறைவைத்துத் திறக்கலாம். பெரிய பேருந்துகளைச் செட்டிநாடு ரயில் நிலையம் பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து நடக்க வைக்கலாம். கட்டணத்தில் வழிகாட்டிக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு, கால்வாயும் ஊரணியும் தூர்வார ஒரு பங்கு. இந்த மூன்றாவது பங்கை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. கானாடுகாத்தானின் அழகைக் காட்டிச் சம்பாதித்துவிட்டு, அந்த அழகுக்குக் காரணமான நீர்வழியைக் குப்பைமேடாக விட்டால் திட்டத்துக்கே அர்த்தமில்லை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இலேயே நிறைவேறிவிட்டது. யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் பெயர் ஏறியும் பத்தாண்டு கடந்துவிட்டது. உத்தேசம் உறுதியாக வேண்டுமானால், வருகிற பயணிகளை எப்படி நிர்வகிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் இன்று நம்மிடம் இல்லை.

அடுத்த பருவம் நவம்பரில் தொடங்கும். அதற்கு முன் கானாடுகாத்தான் பேரூராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வீட்டு உரிமையாளர்களையும் விடுதிக்காரர்களையும் காவலர்களையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் முன்வர வேண்டும். முதல் அணியாக இருபது முப்பது இளைஞர்களுக்குச் சுற்றுலாத் துறை பயிற்சி தரட்டும்; அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். பயிற்சியின் ஒரு பகுதியாக அவர்களைத் தேக்கடிக்கு அழைத்துப்போய், அங்கே குழுக்களை நடத்திச் செல்பவர்களோடு ஒரு வாரம் நடக்க வைக்க வேண்டும். அதற்கான செலவு, ஒரு சுற்றுலா விளம்பரப் படத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.