துப்பாக்கி விலையும் பஞ்சாங்கமும்

நமது தினசரிப் பத்திரிகைகளைப் பிரித்தால் தங்கம் சவரன் என்ன விலை, வெள்ளி என்ன விலை, வெங்காயம் என்ன விலை என்று நாள் தவறாமல் வருகின்றது. அதற்குப் பக்கத்திலேயே மேஷ ராசிக்காரனுக்கு இன்று தனலாபம், ரிஷப ராசிக்காரனுக்கு மனக்கிலேசம் என்பதும் வருகின்றது. முன்னது கடைவீதியில் போய் விசாரித்து எழுதியது. பின்னது திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. இரண்டையும் ஒரே காகிதத்தில் ஒரே மையில் அச்சடித்துத் தருவதால் படிக்கிறவர்களும் இரண்டுக்கும் ஒரே மரியாதையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நாம் இப்போது சொல்ல வந்தது இந்தப் பத்திரிகைகளில் வராத ஒரு விலையைப் பற்றியாகும். அதாவது துப்பாக்கி விலை, தோட்டா விலை. "குடியானவனுக்கும் மளிகைக்கடைக்காரனுக்கும் தோட்டா விலை எதற்கையா?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். வாங்குவதற்காக அல்ல. உலகத்தில் எந்த எந்த இடத்தில் ஜனங்கள் பயந்து கிடக்கிறார்கள், அந்தப் பயத்தை யார் காசாக்கிக் கொள்ளுகிறார்கள் என்பதைத் தோட்டா விலை காட்டுகிற மாதிரி எந்த மந்திரியின் பிரசங்கமும் காட்டாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆப்பிரிக்காவில் ஒரு கோழியைக் கொடுத்தால் ஒரு கலாஷ்னிகாவ் துப்பாக்கி கிடைக்கும் என்று ஒரு கதை வெகு காலமாக உலகமெங்கும் நடமாடிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் இதைச் சொல்லுவார்கள். கோழி என்ன விலை, துப்பாக்கி என்ன விலை என்று போய்க் கேட்டுப் பார்த்தவர்கள்தான் இல்லை. பிலிப் கில்லிகோட் என்பவர் பல தேசத்துக் கள்ளச்சந்தை விலைகளையும் சேர்த்து வரிசைப்படுத்தி எழுதிய ஆராய்ச்சியை 2007-ல் உலக பாங்கி வெளியிட்டது. அதில் ஆப்பிரிக்காவில் இந்தத் துப்பாக்கி மற்ற இடங்களைவிட மலிவுதான் என்றும், ஆனால் பல நூறு டாலர் பெறக்கூடியதே என்றும் தெரியவந்தது. மலிவுக்குக் காரணம் காவல் இல்லாத எல்லைகள். துப்பாக்கி மலிந்த இடத்தில் உள்நாட்டுச் சண்டைக்கு இடம் அதிகம் என்பதும் அதிலேயே கண்ட முடிவு. கோழிக் கதை கேட்க ருசியாயிருந்தது. விலைப் பட்டியல் ருசியில்லாமல் உண்மையாயிருந்தது.

நிற்க. ஜெனீவா நகரில் 1999-ல் ஏற்பட்ட 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்னும் ஸ்தாபனத்தார் 2013-ல் வெளியிட்ட புத்தகத்தில் லெபனான் தேசத்துக் கள்ளச்சந்தையைப்பற்றி ஒரு சங்கதி சொல்லியிருக்கிறார்கள். லெபனானுக்கு அடுத்த தேசமாகிய சிரியாவில் 2011 மார்ச்சில் கலகம் மூண்டது. அந்த வருஷத்திலும் அடுத்த வருஷத்திலும் லெபனானில் ஆயுதங்கள் விற்ற விலையை ஒரு பக்கமும், சிரியாவில் மாதாமாதம் செத்தவர்களின் தொகையை மறு பக்கமும் எழுதிப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறிக்கொண்டு போயின. அதிலும் தோட்டா விலைதான் பிணங்களின் எண்ணிக்கையோடு மிகவும் ஒட்டிக்கொண்டு நடந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. துப்பாக்கி ஒரு தடவை வாங்கினால் ஐம்பது வருஷம் கிடக்கும். தகப்பன் வாங்கினதை மகன் சுடலாம். தோட்டா அப்படியல்ல, சுட்டால் போயிற்று, மறுபடியும் வாங்கவேண்டும். ஆதலால் துப்பாக்கி விலை சண்டைக்குத் தயார் செய்கிறவனைக் காட்டுகிறது. தோட்டா விலை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவனைக் காட்டுகிறது. அடுப்பு விற்பதைக்கொண்டு ஊரில் இன்று எத்தனை வீட்டில் சோறு பொங்கினார்கள் என்று சொல்ல முடியாது. விறகு விற்பதைக்கொண்டு சொல்லிவிடலாம்.

எந்தப் பஞ்சாங்கத்திலாவது இதைக் கண்டவர்கள் உண்டா? வருஷா வருஷம் 'ராஜாக்களுக்குள் கலகம், மேற்கே யுத்த பயம்' என்று ஒரு வரி போட்டுவைப்பார்கள். உலகத்தில் மேற்கு என்று ஒரு திசை இருக்கிறவரையில் அது பலித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நாம் விலைப் பட்டியலையும் ஒரு புது ஜோசியமாக்க வரவில்லை. லெபனான் விலை வரப்போவதைச் சொல்லவில்லை, நடந்துகொண்டிருப்பதைத்தான் சொல்லிற்று. அதுவே போதாதா? நடப்பதை ஒழுங்காய்த் தெரிந்துகொள்ளாதவன் வரப்போவதைத் தெரிந்துகொள்ள ஏன் காணிக்கை வைக்கிறான் என்பதுதான் நமது கேள்வி.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே துப்பாக்கி நம்மூர்க் கடைகளில் அரிவாள் விற்கிற மாதிரி பகிரங்கமாய் விற்கிறது. 1791-ல் அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் ஒன்றைச் சொல்லி, ஆயுதம் வைத்துக்கொள்வது தங்கள் பிறப்புரிமை என்கிறார்கள். நம்மவர் சவரன் விலை பார்ப்பதுபோல, ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று தினம் கணக்குப் பார்த்து, மலிந்த அன்று பெட்டி பெட்டியாய் வாங்கி வைக்கிறவர்கள் அங்கே ஏராளம். லெபனானில் தோட்டா விலையை ஏற்றியது சண்டை. சண்டையில்லாத அமெரிக்காவில் அதை ஏற்றியது எது?

2012 டிசம்பர் 14-ந் தேதி கனெக்டிகட் மாகாணம் நியூடவுன் என்ற ஊரில் சாண்டி ஹுக் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அதன்பின் ஊரார் என்ன செய்திருக்கவேண்டும்? துப்பாக்கியைக் கண்டு அருவருத்திருக்கவேண்டும். நடந்ததோ, துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. சர்க்கார் சட்டம் போட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு கிளம்பிற்று. அணில் முயல் சுடும் .22 தோட்டா, ஐந்து சென்ட் பெறாதது, இரண்டு பங்கு மூன்று பங்கு விலைக்குப் போயும் கிடைக்கவில்லை. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைக்காரர்கள் ரேஷன் வைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் வந்ததா? துப்பாக்கியைப் பிடுங்குவதற்கல்ல, வாங்குகிறவனைப்பற்றி இன்னும் கொஞ்சம் அதிகமாய் விசாரிப்பதற்கு மாத்திரம் கொண்டுவந்த மசோதாவே 2013 ஏப்ரலில் செனட் சபையில் தேவையான 60 வோட்டு இல்லாமல் விழுந்துபோயிற்று. வராத சட்டத்துக்குப் பயந்து ஜனங்கள் கொடுத்த காசு வந்த காசாகவே வியாபாரியின் பெட்டியில் தங்கிற்று.

1995 செப்டம்பர் 21-ந் தேதி நம் நாட்டில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரு புரளி கிளம்பினதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பகல் திரும்புவதற்குள் பல ஊர்களில் குழந்தைக்குப் பால் கிடைக்கவில்லை. கல் பால் குடிக்கவில்லை. கரண்டியிலிருந்த பால் கல்லின்மேல் வழிந்து ஓடிற்று. ஆனால் பால் விற்பனை ஏறினது மட்டும் மெய். அமெரிக்கத் தோட்டாவும் நம் பிள்ளையார் பாலும் ஒரே சந்தையின் சரக்குகளே. வெள்ளைத்தோலும் விஞ்ஞானப் படிப்பும் இருந்தால் மூடநம்பிக்கை வராது என்று எண்ணிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இதைவிட வேடிக்கை பின்னால் நடந்தது. 2016 நவம்பரில் துப்பாக்கிக்காரர்களின் சிநேகிதர் என்று சொல்லப்பட்ட டிரம்ப் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். துப்பாக்கிக் கம்பெனிகளுக்குத் தீபாவளி என்றுதானே எண்ணுவோம்? மறுநாளே பெரிய கம்பெனிகளின் பங்கு விலை சடசடவென்று இறங்கிற்று. இனிச் சட்டம் வராது என்று ஜனங்களுக்குப் பயம் தீர்ந்ததால் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 1816 முதல் துப்பாக்கி செய்த ரெமிங்டன் கம்பெனி, ஏற்கெனவே தலைக்கு மேலிருந்த கடனும் சேர்ந்துகொள்ள, 2018 மார்ச்சில் இன்சால்வென்சிக்குப் போயிற்று. விரோதி ஆளும்போது கொழுத்து, சிநேகிதன் ஆளும்போது இளைத்துப்போகிற தொழில் எதுவாவது உங்களுக்குத் தெரியுமா? நமக்கு ஒன்று தெரியும். சனி பிடித்திருக்கிறது என்றால்தான் பரிகாரத்துக்குத் தட்சணை. சனி விட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனால் பரிகாரம் செய்கிறவர் பாடு திண்டாட்டம்.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றான். ஊர் ஊராய்க் கிளர்ச்சி. தேர்தலும் சேர்ந்துகொண்டது. துப்பாக்கி வாங்குகிறவர்களைப்பற்றி மத்திய சர்க்கார் செய்யும் விசாரணைகள் அந்த ஒரு வருஷத்தில் 3 கோடியே 97 லட்சம். (விசாரணை எல்லாம் விற்பனை ஆகாது, ஆனாலும் 2012-ல் இது 1 கோடியே 96 லட்சந்தான்.) 20 சென்டுக்கு வாங்கின 9 மில்லிமீட்டர் தோட்டா 60, 70 சென்டுக்குப் போயிற்று. தோட்டாவிலுள்ள பித்தளையும் ஈயமும் மருந்தும் மூன்று பங்கு ஏறவில்லை; ஏறினது பயம்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1937-ம் வருஷத்துச் சட்டப்படி அங்கே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 100-க்கு 10, 11 வீதம் வரி. அந்த வரிப்பணம் காட்டு மிருகங்களையும் பறவைகளையும் காப்பாற்றப் போகிறது. மனிதனை மனிதன் கண்டு நடுங்க நடுங்க, மானுக்கும் வாத்துக்கும் வரும்படி கூடுகிறது! மனித ஜாதிக்கு இந்தப் பயத்தால் கிடைத்தது என்ன என்று பார்த்தால், 2021-ல் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் வருவான் என்று வாங்கி வைத்தது, வீட்டுக்காரன் மனமுடைந்த ஓர் இரவில் கைக்கு எட்டிவிடுகிறது. எந்தக் கடையில் இந்தச் செலவையும் சேர்த்து விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்? சாண்டி ஹுக்கில் செத்தவர்களில் 9 பேரின் குடும்பத்தார் வழக்காடி வழக்காடி, கடைசியாய் 2022 பிப்ரவரியில் ரெமிங்டனின் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து 7 கோடியே 30 லட்சம் டாலர் வாங்கினார்கள். குழந்தைகள் செத்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு.

நமது நாட்டைப்பற்றி ஒரு வார்த்தை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும் என்று வைத்தார்கள். பிறப்பைப் பார்த்து உரிமை கொடுக்கும் இந்த மனுதர்ம வேலையை வெள்ளையனும் செய்தான். 1959-ம் வருஷத்துச் சட்டத்தில் அந்தப் பேதம் இல்லை. ஆனால் அந்தஸ்துப் பைத்தியம் போயிற்றா? 2016 கடைசியில் இந்தியாவில் இருந்த சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் லைசென்சில், உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். அந்தப் பக்கத்துக் கலியாண ஊர்வலங்களில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவது ஒரு பெருமை. மேலே போன குண்டு கீழே வந்து உறவினரைக் கொன்றிருக்கிறது. 2019-ல் இதற்கென்றே இரண்டு வருஷம் வரை தண்டனையும் லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தாலியும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று நாம் சொன்னால் சிரிக்கிறவர்கள், தோட்டாவைக் காசு கொடுத்து வாங்கி மேகத்தைச் சுடுவதைச் சாஸ்திரோக்தம் என்கிறார்களா?

அந்த 2019-ம் வருஷத்திலேயே அக்டோபர் 8-ந் தேதி, 36 விமானங்களை 787 கோடி யூரோவுக்குப் பேசி முடித்த நமது சர்க்காரின் ராணுவ மந்திரி, பிரான்சுக்குப் போய், முதல் ரபேல் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். விமானத்தின் விலை நமக்குத் தெரியும். அந்தப் பழத்துக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதினார்கள் என்பது தெரியவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. நமது பத்திரிகைகள் வாரத்துக்கு ஒரு நாளாவது, உலகத்துச் சந்தைகளில் துப்பாக்கியும் தோட்டாவும் என்ன விலைக்குப் போகின்றன, போன வருஷம் என்ன, ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று, யாருக்கு லாபம், எத்தனை பேர் செத்தார்கள் என்று நாலு வரி போடட்டும். அப்படிப் போட்டால் கொலைகாரர்களுக்கு வழி காட்டியது ஆகாதா என்று சிலர் பயப்படலாம். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அந்த விலை இன்றைக்கும் நன்றாய்த் தெரியும். தெரியாதவர்கள் சாகிறவர்களும் வரி கொடுக்கிறவர்களுந்தான். பத்திரிகாசிரியர்கள் இதற்கு இடம் இல்லை என்றுதான் சொல்லுவார்கள். பன்னிரண்டு ராசிக்கும் தினந்தோறும் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு ராசியை எடுத்துவிட்டால் போதும். எந்த ராசி என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.