ஆட்டிறைச்சியும் சிறுநீரக நோயாளியும்

சிறுநீரக நோய் கண்டிருப்பதாக அறிந்தவுடன் வீட்டார் முதலில் விலக்குவது ஆட்டிறைச்சியையே. தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளிலும் நெருளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு நெடுநாள் வழக்கம். ஆகவே இதைப் பற்றிய கேள்வி கள ஊழியரிடமும் ஆசிரியரிடமும் எழுவது இயல்பே. "கறியை அடியோடு விட்டுவிடுங்கள்" என்ற ஒரே விடையை எல்லோருக்கும் கூறுதல் தகாது என்பது நமது கருத்து.

இறைச்சியைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. சிங்கப்பூரில் 63,257 சீனர்களைச் சராசரியாகப் பதினைந்தரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. செவ்விறைச்சியை மிகுதியாக உண்ட கால்பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்ட கால்பங்கினரைவிட, சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆயினும் அவர்கள் உண்டது பெரும்பாலும் பன்றியிறைச்சி. அந்த எண்ணை ஆட்டிறைச்சிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

இனி அளவைக் காண்போம். டயாலிசிஸ் தேவைப்படும் நிலையை அடையாத வயதுவந்த நோயாளிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது 2024ஆம் ஆண்டின் உலக வழிகாட்டி நெறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். சமைக்குமுன் நிறுத்த 300 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, ஒரு தம்ளர் பால் ஆகியவற்றிலேயே ஏறக்குறைய 40 கிராம் கிடைத்துவிடும். எஞ்சும் 8 கிராம், எலும்பு நீக்கிய பச்சை ஆட்டிறைச்சி 40 கிராமில் அடங்கும். அதாவது சில சிறு துண்டுகள் மட்டுமே. கிண்ணம் நிறையக் கறி அன்று.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் நிலை வேறு. அச்சிகிச்சையின்போது புரதத்தின் கூறுகளும் உடலிலிருந்து வெளியேறுகின்றன. அவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம் வரை, புரதம் வேண்டும். பழைய அச்சத்தால் அவர் கறியை நீக்கி, அதனிடத்தில் முட்டை வெண்கருவோ மீனோ கோழியோ சேர்க்காவிடில், தசை கரைந்து உடல் நலியும். நல்லெண்ணத்துடன் கூறிய அறிவுரையே தீங்காய் முடியும்.

சமையலிலும் கவனம் தேவை. இறைச்சியை வேகவைத்த நீரில் பொட்டாசியமும் பாஸ்பரசும் இறங்குகின்றன. ஆதலால் எலும்புச் சாறும் குழம்பும் துண்டுகளைவிடப் பாதுகாப்பானவை என்று எண்ணுதல் பிழை. வேகவைத்த நீரை வடித்தபின் சமைப்பது நன்று. உப்பு, நாளொன்றுக்கு உண்ணும் எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும். பரிசோதனைக்கு முந்திய இரவு கறி உண்டால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு தற்காலிகமாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

எனவே கள ஊழியர் விடை கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: டயாலிசிஸ் நடைபெறுகிறதா? உடல் எடை எவ்வளவு? மருத்துவர் குறித்த புரத அளவு யாது? ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். நோயாளியின் வீட்டில் சந்தைக்குச் செல்பவர் அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.