'பெண்கள்' என்ற ஒட்டு எதற்கு? – பிர்கிட் பிரின்ஸை முன்வைத்து

முதலில் ஒரு சின்ன வினாடி வினா. ஜெர்மனி தேசிய அணிக்காக அதிக கோல் அடித்தவர் யார்?

கால்பந்து பார்க்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் சொல்லும் பதில் மிரோஸ்லாவ் க்ளோசே, 71 கோல். கொஞ்சம் பழைய ஆட்கள் கெர்ட் முல்லர் (68) என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இரண்டுமே தப்பு. சரியான பதில் பிர்கிட் பிரின்ஸ். 214 ஆட்டங்கள், 128 கோல்கள்.

"ஓ, நீங்க பெண்களையும் சேர்த்துக் கேட்டீங்களா?" என்று உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். சண்டையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கேள்வியில் 'ஆண்கள்' என்ற வார்த்தையே இல்லை. ஜெர்மனி என்றுதான் இருந்தது. கேட்டவர் போடாத வார்த்தையைப் பதில் சொன்னவர் மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டார். ஆண்கள் ஆடினால் அது கால்பந்து, பெண்கள் ஆடினால் அது 'பெண்கள் கால்பந்து'. ஒன்று சாப்பாடு, மற்றது தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்கிற மாதிரி!

யார் இந்த பிரின்ஸ்?

1977 அக்டோபர் 25, ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். 1994 ஜூலையில், 16 வயதில், கனடாவுக்கு எதிராக தேசிய அணிக்கு முதல் ஆட்டம். அன்றைய நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ஹைடி மோருக்குப் பதிலாக இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 89-வது நிமிடத்தில் கோல். ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது. அடுத்த வருடமே உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடினார், வயது 17. நார்வேயிடம் 0-2 என்று தோற்றது வேறு கதை.

அதற்குப் பிறகு வந்ததைப் பட்டியல் போட்டால் மூச்சு வாங்கும். உலகக் கோப்பை இரண்டு முறை (2003, 2007). ஐரோப்பியக் கோப்பை ஐந்து முறை (1995, 1997, 2001, 2005, 2009). ஒலிம்பிக் வெண்கலம் மூன்று (2000, 2004, 2008). 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை. 2001 முதல் 2008 வரை விடாமல் எட்டு வருடம் ஜெர்மனியின் சிறந்த வீராங்கனை. 2003 உலகக் கோப்பையில் ஏழு கோல் அடித்து, அதிக கோலுக்கான விருதையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கினார். 2007 இறுதிப் போட்டியில் மார்த்தா இருந்த பிரேசிலுக்கு எதிராக முதல் கோல் இவருடையது. உலகக் கோப்பைகளில் மொத்தம் 14 கோல். ஆண்களில் கெர்ட் முல்லர் அடித்ததும் அதே 14-தான். முல்லரின் 14 பாட்டி கதை மாதிரி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. பிரின்ஸின் 14-ஐ மார்த்தா 2015-ல் தாண்டியபோதுதான், அப்படி ஒரு சாதனை இருந்ததே பலருக்குத் தெரிய வந்தது.

சரி, இவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று வாதங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "எதிரணி சொத்தை. 11-0 எல்லாம் ஒரு ஸ்கோரா?"

2007 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஷாங்காயில், ஜெர்மனி அர்ஜென்டினாவை 11-0 என்று வென்றது உண்மை. அதில் பிரின்ஸ் ஹாட்ரிக் அடித்ததும் உண்மை. எதிரணி பலவீனமாக இருந்தது என்பதும் உண்மைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் 2002 உலகக் கோப்பையில் க்ளோசே என்ன செய்தார்? முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவுக்கு எதிராக ஹாட்ரிக். ஸ்கோர் 8-0. 2014-ல் அவர் 16 கோலோடு உலகக் கோப்பை சாதனையை எட்டியபோது "அதில் மூன்று சவுதிக்கு எதிராக அடித்தது, கழித்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னார்களா? 2006 செப்டம்பரில் ஜெர்மனி ஆண்கள் அணி சான் மரினோவை 13-0 என்று வென்றது. அந்த 13 கோலும் இன்றுவரை கணக்கில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். மைதானத்தில் எதிரில் நிற்கிறவர்களுக்கு எதிராகத்தான் கோல் அடிக்க முடியும். ஆண்களுக்கு இந்த நியாயம் தானாகக் கிடைக்கிறது. பெண் என்றால் மட்டும் ஒவ்வொரு கோலையும் தராசில் வைத்து நிறுக்கிறார்கள்.

"ஆண்கள் அணியோடு ஆடினால் தோற்பார்களே" என்பது இதன் தம்பி வாதம். தோற்பார்கள், ஆண்களின் வேகமும் உடல் வலுவும் அதிகம்தான். அதனால் என்ன? குத்துச்சண்டையில் எடை வாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன. 60 கிலோ பிரிவு சாம்பியனை 100 கிலோக்காரர் அடித்து வீழ்த்திவிடுவார் என்பதற்காக அவருடைய பதக்கத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. அவரை 'சின்னக் குத்துச்சண்டைக்காரர்' என்று அழைப்பதும் இல்லை.

வாதம் 2: "யாரும் பார்ப்பதில்லை, அதனால் யாரும் மதிப்பதில்லை"

இதைக் கேட்கும்போதுதான் கோபம் அதிகமாக வர வேண்டும். ஏனென்றால் இங்கே குற்றம் செய்தவரே சாட்சி சொல்ல வருகிறார்.

1954-ல் ஜெர்மனி ஆண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. நாடே கால்பந்துப் பைத்தியமாகி, பெண்களும் ஆட ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம், 1955 ஜூலை 30 அன்று, ஜெர்மன் கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: சங்கத்தில் உள்ள எந்தக் கிளப்பும் பெண்கள் அணி வைத்துக்கொள்ளக் கூடாது, பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது, நடுவர் அனுப்பக் கூடாது. சொன்ன காரணம், பந்துக்காகப் போராடும்போது பெண்ணின் நளினம் போய்விடுமாம், உடலும் மனமும் கெட்டுவிடுமாம்! இந்தத் தடை 1970 அக்டோபர் 31 வரை, அதாவது 15 வருடத்துக்கு மேல் இருந்தது.

பார்க்க ஆள் இல்லாததால் போட்ட தடை அல்ல இது. தடை அமலில் இருந்த 1956-லேயே எஸ்ஸன் நகரில் ஜெர்மனி – நெதர்லாந்து பெண்கள் ஆட்டத்தைச் சுமார் 18,000 பேர் போய்ப் பார்த்தார்கள். சங்கத்துக்கு வெளியே, அதன் அனுமதி இல்லாமல் நடந்த ஆட்டம்!

தடை நீங்கிய பிறகும் நிபந்தனைகள் போட்டார்கள். ஆட்ட நேரம் 90 நிமிடத்தைவிடக் குறைவு, பந்து சின்னது, ஷூவில் ஸ்டட் கூடாது, குளிர்காலத்தில் ஆடவே கூடாது. ஜெர்மனி பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடியது 1982 நவம்பரில். ஆண்களுக்கு புண்டஸ்லீகா 1963-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1989-ல் பெண்கள் முதன்முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது சங்கம் ஆளுக்கு என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? ஒரு காபி செட்! கப்பு, சாசர், தட்டு. ஐரோப்பாவையே ஜெயித்துவிட்டு வந்தவர்களுக்குச் சமையலறைச் சாமான்.

பிரின்ஸ் காலத்தில் நிலைமை மாறியது, ஆனால் எவ்வளவு? 2006 உலகக் கோப்பையை வென்றால் ஆளுக்கு 3,00,000 யூரோ என்று ஆண்களுக்கு வாக்குறுதி இருந்தது. அவர்கள் மூன்றாவது வந்தார்கள். 2007-ல் ஒரு கோல் கூட வாங்காமல் கோப்பையோடு திரும்பிய பெண்களுக்கு ஆளுக்கு 50,000 யூரோ. உலகின் சிறந்த வீராங்கனை என்று மூன்று முறை பெயர் வாங்கிய பிரின்ஸ், ஆடிக்கொண்டே பிசியோதெரபி படித்தார், பிறகு உளவியலும் படித்தார். படிப்பில் இருந்த ஆர்வத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ஆட்டத்தை விட்ட பிறகு பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்ற கவலை அந்த உயரத்தில் இருந்த எந்த ஆணுக்கு இருந்தது?

மைதானம் கொடுக்காமல், நேரம் கொடுக்காமல், பணம் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, "பாருங்கள், தரம் இல்லை, கூட்டம் இல்லை" என்பது காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடத் தெரியவில்லை என்று சிரிப்பது மாதிரி. கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் பதில் கிடைத்தது. பெண்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் முதல் ஆட்டத்துக்கு பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் கூடியவர்கள் 73,000 பேருக்கு மேல்.

வாதம் 3: "அவ்வளவு பெரிய ஆள் என்றால் பெருஜாவுக்குப் போயிருக்கலாமே?"

2003 கடைசியில் நடந்த கதை இது. இத்தாலியின் முதல் டிவிஷனில் இருந்த பெருஜா ஆண்கள் அணியின் தலைவர் லூச்சானோ கவுச்சி, பிரின்ஸைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ள முன்வந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பிரின்ஸ் மறுத்துவிட்டார். "பயந்துவிட்டார்" என்று அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை.

கூப்பிட்டவர் யார் என்று பார்க்க வேண்டாமா? 2002 உலகக் கோப்பையில் இத்தாலியை வெளியேற்றிய கோலை அடித்தார் என்பதற்காக, பெருஜாவிலேயே ஆடிக்கொண்டிருந்த கொரிய வீரர் ஆன் ஜுங்-ஹ்வானுக்கு இனி இங்கே இடமில்லை என்று அறிவித்தவர் இதே கவுச்சிதான். 2003-ல் லிபிய அதிபர் கடாஃபியின் மகன் சாதி கடாஃபியை வீரர் என்று சொல்லி ஒப்பந்தம் செய்தவரும் இவர்தான். அந்த மகன் பெருஜாவுக்காக லீகில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். உலக சாம்பியன் பிரின்ஸுக்கு வந்த அழைப்பு, கடாஃபி மகனை வைத்த அதே ஷோகேஸில் ஒரு இடம். இதை 'வாய்ப்பு' என்று சொல்வதற்கே கூச்சப்பட வேண்டும்.

சரி, சம்மதித்திருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடமே விடை தெரிந்தது. மெக்சிகோவின் மாரிபெல் டொமிங்கஸ் செலாயா என்ற இரண்டாம் டிவிஷன் ஆண்கள் அணியில் சேர ஒப்புக்கொண்டார். 2004 டிசம்பரில் ஃபிஃபா தடுத்துவிட்டது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் ஆட வேண்டும் என்றது. ஆக, போகாதவள் கோழை, போகிறவளுக்கு அனுமதி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்!

உண்மையில் அந்த மறுப்புக்குப் பெரிய அர்த்தம் உண்டு. தன்னுடைய தகுதிக்கு ஆண்கள் அணியின் முத்திரை தேவையில்லை என்று அது சொன்னது. அப்போது அவர் கையில் உலகக் கோப்பை இருந்தது. அதற்கு மேல் யாரிடம் போய் எதை நிரூபிக்க வேண்டும்?

2011

பிரின்ஸை எதிர்ப்பவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் 2011. சொந்த நாட்டில் உலகக் கோப்பை, கேப்டன் பிரின்ஸ், வயது 33. கனடாவுக்கு எதிராகவும் நைஜீரியாவுக்கு எதிராகவும் கோல் வரவில்லை. இரண்டு ஆட்டத்திலும் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் ஸில்வியா நைட் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டம் அவர் பிறந்த ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடந்தது. அதற்குப் பிறகு அவர் களமிறங்கவே இல்லை. காலிறுதியில் ஜப்பானிடம் கூடுதல் நேரத்தில் 0-1 என்று ஜெர்மனி தோற்றபோதும் பெஞ்சில்தான் இருந்தார். ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

வயதான ஸ்ட்ரைக்கர் ஃபார்ம் இழப்பது புதிதல்ல, பயிற்சியாளர் உட்கார வைத்ததிலும் தப்பில்லை. ஆனால் 17 வருடமாக இவர் அடித்த கோல்களை ஓரமாகக் கூடப் பார்க்காதவர்கள், அந்த இரண்டு ஆட்டத்தை மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் அழகு. 2012-ல் ஹோஃபன்ஹைம் கிளப்பில் விளையாட்டு உளவியலாளராகச் சேர்ந்தார். ஆண்கள் புண்டஸ்லீகாவில் ஆடும் கிளப் அது. பெருஜா திறந்து வைத்த கதவு வேடிக்கைப் பொருளுக்கானது. இந்தக் கதவை அவர் தன் படிப்பால் திறந்துகொண்டார். 2019 உலகக் கோப்பைக்குப் போன ஜெர்மனி பெண்கள் அணியோடும் உளவியலாளராகச் சென்றார். தோல்வியும் விமர்சனமும் ஒரு ஆட்டக்காரரின் மனதை என்ன செய்யும் என்று அவருக்குப் புத்தகம் மட்டும் சொல்லித் தரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் 'பெண் முல்லர்' என்று ஒரு பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பெரிய மரியாதை செய்வதாக நினைத்து. வேண்டாம். முல்லர் 68, பிரின்ஸ் 128. பட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கணக்குப்படி அது எதிர்த் திசையில் அல்லவா போக வேண்டும்? அதுவும் வேண்டாம். முல்லர் முல்லராகவே இருக்கட்டும், பிரின்ஸ் பிரின்ஸாக இருக்கட்டும்.

அடுத்த முறை க்விஸ்ஸில் யாராவது "ஜெர்மனிக்காக அதிக கோல் அடித்தவர்?" என்று கேட்டால், க்ளோசே என்ற பதிலுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு க்ளோசேதான் வேண்டும் என்றால் கேள்வியைத் திருத்தி 'ஆண்கள்' என்று சேர்த்துக் கேட்கட்டும். ஒட்டுப் போட்டுக்கொள்கிற முறை இனி அவர்களுடையது.